பைக்குள் திரும்பிய டயல்

இந்த மாதம் கேமரா பற்றி வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "நான் எதையும் தொடவில்லை சார், அதுவாக மாறிவிட்டது." சரி, இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில். ஃபிளாஷ் வாங்குவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அண்ணன் கல்யாணத்தில் வீட்டுப் பக்கம் படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ். முதல் நாள் மண்டபத்து வெளிச்சத்தைப் பார்த்து 'ஏவி'யில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 வைத்தேன். வரவேற்புப் படங்கள் நன்றாக வந்தன. ராத்திரி கேமராவை அம்மாவின் கட்டைப்பையில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். காலையில் முகூர்த்த நேரத்தில் உருவி எடுத்து, தாலி கட்டும்போது 40 படம் எடுத்தேன். நாற்பதும் கறுப்பு. மேடைக்கு மேலே இருந்த டியூப்லைட் மட்டும் தெரிகிறது. யாரோ நோண்டியிருக்கிறார்கள் என்கிறார் அம்மா. வியூஃபைண்டரில் பார்த்தபோது எல்லாம் வெளிச்சமாகத்தானே தெரிந்தது? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: யாரும் நோண்டவில்லை, தாயி. உறவுக்காரர்களைச் சந்தேகப்படுவதை அம்மாவை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. எந்த மோடு, என்ன வேகம், எத்தனை மணி என்று ஒவ்வொரு படத்தோடும் கேமரா எழுதி வைத்துவிடும். வரவேற்பின் கடைசிப் படம் ஏவி, எஃப் 4, 1/100. முகூர்த்தத்தின் முதல் படம் எம், எஃப் 8, 1/2000. ஏவியில் லென்ஸ் துவாரத்தை (எஃப் எண்) மட்டும் நாம் வைத்தால் போதும், ஷட்டர் வேகத்தைக் கேமராவே வைத்துக்கொள்ளும். எம்மில் இரண்டையும் நாமே வைக்க வேண்டும். மோடு டயலில் ஏவிக்குப் பக்கத்து வீடுதான் எம். ஒரே ஒரு 'டிக்' நகர்ந்திருக்கிறது.

அந்த 1/2000 எங்கிருந்து வந்தது என்று யோசிப்பீர்கள். என்றைக்கோ வெயிலில் எம்மில் வைத்து எதையோ எடுத்திருக்கிறீர்கள். கிரிக்கெட்டாக இருக்கலாம், புறாவாக இருக்கலாம். நீங்கள் மறந்துவிட்டீர்கள், எம் மறக்கவில்லை. 1/100க்குப் பதில் 1/2000 என்றால் வெளிச்சம் இருபதில் ஒரு பங்கு. எஃப் 4க்குப் பதில் எஃப் 8 என்றால் அதிலும் கால் பங்கு. ஆக, வர வேண்டிய வெளிச்சத்தில் எண்பதில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது. டியூப்லைட் மட்டும் தப்பித்ததில் ஆச்சரியமே இல்லை.

வியூஃபைண்டர் உங்களை ஏமாற்றவில்லை. அதில் நீங்கள் பார்ப்பது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியில் பட்டு வரும் மண்டபம், படம் அல்ல. எம்மில் எந்த எண்ணை வைத்தாலும் மண்டபம் அதே வெளிச்சத்தில்தான் தெரியும். அடியில் ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறதே, அதன் முள் இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். கெட்டிமேளம் முழங்கும்போது அதை யார் பார்ப்பார்கள்? கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவாக இருந்திருந்தால் திரையே இருண்டு காட்டிக்கொடுத்திருக்கும்.

டயலைத் திருப்பியது பெரும்பாலும் கேமராவைக் கழுத்தில் மாட்டும் வார்தான். 1500டியில் மோடு டயல் வலது தோளில், ஆன்-ஆஃப் நெம்புகோலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பூட்டு கிடையாது. வாரை கேமரா மேல் இறுக்கிச் சுற்றி வைத்து, பிறகு பைக்குள்ளிருந்து உருவினால் அந்த வார் டயலின் பல்லை உரசிக்கொண்டே வரும். அவசரமாக ஆன் செய்யும் கட்டைவிரலும் அதையே செய்யும். வாரைச் சுற்றாமல் லென்ஸ் பக்கம் தொங்கவிட்டு வைத்துப் பாருங்கள், பாதித் தொல்லை போய்விடும். 2010இல் வந்த 60டியிலேயே டயல் நடுவில் ஒரு பூட்டுப் பொத்தானை கேனான் வைத்தது. அதை அழுத்திக்கொண்டு திருப்பினால்தான் டயல் திரும்பும். கொஞ்ச நாளில், ஏற்கெனவே விற்றிருந்த 5டி மார்க் 2, 7டி கேமராக்களுக்கும் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தப் பூட்டைப் போட்டுத் தந்தார்கள். பெரிய ஆட்களின் டயலும் பைக்குள் திரும்பிக்கொண்டுதான் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கதை உங்களுடையதைவிட மோசம். ஒரு சித்ரா பௌர்ணமிக்கு, வாரப் பத்திரிகை ஒன்றுக்காக, அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்கப் போயிருந்தேன். ராத்திரி இரண்டரை மணிக்கே வைகைக்குள் இறங்கி இடம் பிடித்தாயிற்று. தண்ணீர் பீய்ச்சுவார்கள் என்று கேமராவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்போடு தொங்கவிட்டிருந்தேன். மூன்று மணி நேரம் முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு முழங்கை, பக்கத்தில் சர்க்கரை நிரப்பிய செம்போடு ஒரு அம்மா. விடியும் நேரத்தில் தங்கக் குதிரை தெரிந்தது. "கோவிந்தா" சத்தம் எழும்பியது. நான் பொத்தானை அழுத்தினேன். வழக்கமாக 'சடக்' என்று வரும் சத்தம் 'ச...' என்று தொடங்கி, விரலை எடுத்த பிறகுதான் 'டக்' என்று முடிந்தது. டயல் 'பி'க்குப் போயிருக்கிறது. விரல் அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே கிடக்கும் இடம் அது. மூன்று படம் போன பிறகுதான் காது மூளைக்குச் சொன்னது. உறையைக் கிழித்து டயலைத் திருப்புவதற்குள் குதிரை என்னைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு அழகர் இறங்கினார் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஆதாரம் குதிரையின் வால் பக்கம்தான். ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அதிலிருந்து ஒரு பழக்கம். கேமராவைப் பையிலிருந்து எடுத்ததும் என் இடது உள்ளங்கையை ஒரு படம் எடுத்து, திரையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இருட்டாக இருந்தால், வெளுத்திருந்தால், நீலம் பாய்ந்திருந்தால், மங்கலாக இருந்தால் எல்லாம் அந்த ஒரு கையிலேயே தெரிந்துவிடும். கண் உள்ளங்கையின் நிறத்தில் ஏமாறாது. இரண்டு விநாடி வேலை. என் கார்டைக் கணினியில் போட்டால் பாதி என் கைதான். "ரேகை ஜோசியருக்கு அனுப்பட்டுமா மாமா?" என்பாள் மருமகள்.

இனி அந்த நாற்பது படங்கள். அவற்றை வெளிச்சப்படுத்துவது ஐஎஸ்ஓவை ஒரு லட்சத்துக்கு மேல் வைத்து எடுத்ததற்குச் சமம். உங்கள் கேமராவின் உச்சவரம்பே 12800தான். புள்ளியும் பட்டையுமாகத்தான் வரும். 'ரா'வில் (கேமரா சுருக்காமல் முழுத் தகவலையும் வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால் ஒன்றிரண்டை மட்டும் கருப்பு வெள்ளையாக்கிச் சின்ன அளவில் போட்டுப் பாருங்கள், வண்ணப் புள்ளிகளாவது மறையும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மண்டபத்தில் வீடியோ எடுத்தவரிடம் தாலி கட்டும் நிமிடத்தின் மூலக் கோப்பைக் கேளுங்கள். டிவிடியில் தருவது வேண்டாம், மூலக் கோப்பு. ஹெச்டி வீடியோவின் ஒரு ஃபிரேம் 20 லட்சம் பிக்சல், 4கே என்றால் 80 லட்சம். நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு முதலாவதே ஏறக்குறைய போதும், ஆல்பத்துக்கு இரண்டாவது தாராளம். மூன்றாவது முடிச்சு போடும் நாத்தனார் நீங்களாகவே இருந்தால், நீங்களும் அதில் இருப்பீர்கள். உங்கள் கேமராவில் அது எப்படியும் கிடைத்திருக்காது.

கேள்வி: வியூஃபைண்டரில் பார்த்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. கடையில் காட்டினேன். லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், 3,500 ரூபாய் ஆகும் என்றார்கள். ஆனால் எடுத்த படங்கள் கணினியில் பளிச்சென்று இருக்கின்றன. சுத்தம் செய்யக் கொடுக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதிய நான்காவது வரியிலேயே பதில் இருக்கிறது ஐயா. லென்ஸ் கெட்டிருந்தால் படமும் கலங்கலாக வரும். படம் நன்றாக இருந்து, பார்வை மட்டும் மங்கினால் அது டயாப்டர். வியூஃபைண்டரை ஒட்டி, பெரும்பாலும் வலப்பக்கம், கடுகு உருண்டை அளவில் ஒரு சக்கரமோ சின்ன நெம்புகோலோ இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் பார்வைக்குத் தகுந்தாற்போல் திருப்பிக்கொள்வதற்காக வைத்தது. பைக்குள் இருக்கும் வெல்க்ரோ தடுப்பில் உரசினால் போதும், அது நகர்ந்துவிடும்.

சரி செய்யும்போது எதிரே இருக்கும் காட்சியைப் பார்க்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். உள்ளே அடியில் ஒளிரும் எண்களையும் ஃபோகஸ் புள்ளிகளையும் பாருங்கள். அந்த எண்கள் அச்சடித்த மாதிரி தெரியும் வரை சக்கரத்தைத் திருப்புங்கள். காட்சி தன்னால் வந்து சேரும். எப்போதும் கண்ணாடி போட்டுப் படம் எடுப்பவராக இருந்தால், கண்ணாடி போட்டுக்கொண்டே செய்யுங்கள்.

என் மகனும் நானும் ஒரே கேமராவை மாற்றி மாற்றிப் பயன்படுத்திய காலத்தில் இந்தச் சக்கரத்தால் வீட்டில் சண்டையே வந்திருக்கிறது. எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று அவன் சொல்லித்தான் தெரிந்தது. அந்த 3,500க்கு ஒரு நல்ல பை வாங்குங்கள்.

கேள்வி: வேடந்தாங்கலில் எடுத்த கொக்குப் படங்கள் முதல் அரை மணி அருமை. மரப்பாதையில் கொஞ்சம் நடந்து இடம் மாறிய பிறகு எடுத்தவை எல்லாம் வெள்ளையாக வெந்துபோய், இறகே தெரியவில்லை. ஃபியூஜி எக்ஸ்-டி வரிசைக் கேமரா. என்ன தவறு? (புதுச்சேரி)

பதில்: இருண்ட இலைகளுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி குறைத்து வைப்பீர்கள். அதற்கான டயல் உங்கள் கேமராவில் வலது ஓரத்தில், மூலையோடு மூலையாக இருக்கிறது. தோளில் தொங்கவிட்டு நடந்தால் அந்த மூலை இடுப்பெலும்பில் இடித்துக்கொண்டே வரும். மைனஸ் ஒன்று பிளஸ் இரண்டாகியிருந்தால் எட்டு மடங்கு வெளிச்சம் கூடுதலாகப் போயிருக்கிறது. இறகு வெந்து வெள்ளையாகிவிட்டால் 'ரா'விலும் திரும்பாது. இருட்டான படத்தையாவது கொஞ்சம் தூக்கி நிறுத்தலாம்.

அந்த டயலில் 'சி' என்று ஓர் இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே வைத்துவிட்டு, முன்பக்கம் ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கும் சக்கரத்தால் கூட்டிக் குறையுங்கள். சோனிக்காரர்களுக்கும் இதே வலி இருந்தது. 2019இல் வந்த ஏ7ஆர் மார்க் 4இல்தான் அந்த டயலுக்கு ஒரு பூட்டு வந்தது. பழைய கேமராவை வைத்திருப்பவர்களுக்குப் பிளாஸ்திரிதான் பூட்டு.

கேள்வி: அப்படியானால் எல்லா டயலிலும் டேப் ஒட்டிவிடலாமா? (ஈரோடு)

பதில்: ஒட்டலாம். ஆனால் செல்லோடேப்பும், எலக்ட்ரீஷியன் சுற்றும் கறுப்பு டேப்பும் வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பசை உருகி டயலின் பல்லுக்குள் இறங்கிவிடும், பிறகு பல்குச்சியோடு உட்கார வேண்டியதுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரி போதும். ஒரு விரல்கடை வெட்டி ஒட்டினால் பைக்குள் நகராது, வேண்டும்போது நகத்தால் உரித்துவிடலாம். பேனாவால் அதன் மேல் எழுதவும் முடியும் என்பது கூடுதல் லாபம். மோடு டயல், எக்ஸ்போஷர் டயல், இந்த இரண்டோடு நிறுத்துங்கள். ஷட்டர் பொத்தானில் ஒட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: என் நிக்கான் டி7500ஐ விசேஷ வீட்டில் மச்சான் "சும்மா பார்க்கிறேன்" என்று வாங்குவார். திரும்பி வரும்போது எதெல்லாம் மாறியிருக்கிறது என்றே தெரியாது. கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. (விருதுநகர்)

பதில்: மச்சானை மாற்ற முடியாது, கேமராவை மாற்றலாம். டயலில் யு1, யு2 என்று இரண்டு இடம் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த அமைப்பை வைத்துவிட்டு, மெனுவில் அதை யு1இல் சேமித்துவிடுங்கள். கேமரா திரும்பி வந்ததும் டயலை வேறு எங்காவது திருப்பி மறுபடி யு1க்குக் கொண்டுவந்தால், சேமித்தது அப்படியே வந்து நிற்கும். அவசரத்துக்கு இன்னொரு வழி: பச்சைப் புள்ளி போட்ட இரண்டு பொத்தான்களைச் சேர்த்து இரண்டு விநாடிக்கு மேல் அழுத்தினால் எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை போன்றவை கேமரா புதிதாக வந்தபோது இருந்த நிலைக்கு வரும். டயல் மட்டும் திரும்பாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கேனானில் சி1, சி2 உள்ளவர்களுக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் மெனுவில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் மச்சான் செய்ததையும் சேர்த்துச் சேமித்துக்கொள்ளும்.

கேள்வி: கோடியக்கரையில் தூரத்துப் பூநாரைகளை 150-600 லென்ஸில் அழகாக எடுத்தேன். திரும்பும் வழியில் ஐந்து மீட்டர் தூரத்தில் ஒரு மீன்கொத்தி. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியதே தவிர ஃபோகஸ் பிடிக்கவில்லை. மோட்டார் போய்விட்டதா? (நாகப்பட்டினம்)

பதில்: மோட்டார் ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு எப்படிப் போயிருக்கும்? லென்ஸின் இடப்பக்கம் வரிசையாக இருக்கும் ஸ்விட்சுகளில் ஒன்று ஃபோகஸ் எல்லையைக் குறைப்பது. பத்து மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்ற இடத்துக்கு அது நகர்ந்திருந்தால் ஐந்து மீட்டர் மீன்கொத்தி அதற்குக் கண்ணிலேயே படாது. பெரிய லென்ஸைப் பைக்குள் செருகும்போது தடுப்புத் துணி முதலில் தொடுவது இந்த ஸ்விட்சுகளைத்தான். மோட்டார் அசையவே இல்லை என்றால் ஏஎஃப்-எம்எஃப் (தானாக ஃபோகஸ், கையால் ஃபோகஸ்) ஸ்விட்சைப் பாருங்கள். என்னிடம் "ஃபோகஸ் செத்துவிட்டது" என்று பழுதுபார்க்க வந்தவற்றில் பலவற்றுக்கு அந்த ஸ்விட்சைத் தள்ளியதுதான் மொத்தச் சிகிச்சை. காசு வாங்க மனசு வராது. ஒருவர் மட்டும் வற்புறுத்திப் பனங்கற்கண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

கேள்வி: முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரி, கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. (திருச்சி)

பதில்: ஆன் ஆகி இருந்திருக்கும். சும்மா ஆனில் இருந்தால் கேமரா சிறிது நேரத்தில் தானே தூங்கிவிடும். ஆனால் மலைப்பாதையில் பை குலுங்கக் குலுங்க, சார்ஜர் டப்பாவோ தண்ணீர் பாட்டிலோ ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி எழுப்பிக்கொண்டே இருந்தால் பாவம், அது எங்கே தூங்குவது? பயணத்தில் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். விமானம் என்றால் உதிரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள்.

நான் தொழில் பழகிய பென்டாக்ஸ் கே1000இல் ஆன்-ஆஃப் ஸ்விட்சே கிடையாது. லென்ஸ் மூடிதான் ஸ்விட்ச். மூடியைப் போட்டால் இருட்டில் மீட்டர் ஓய்ந்துவிடும், போடாமல் விட்டால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீரும். மூடியைத் தொலைத்ததற்கு என் முதலாளியிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கேள்வி: செல்போன் கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே? (பெயரும் ஊரும் எழுதவில்லை)

பதில்: டயல் இல்லை, அவ்வளவுதான். ஐபோனில் 'பிரிசர்வ் செட்டிங்ஸ்' என்று ஒன்றை ஆன் செய்து வைத்திருந்தால், நேற்று வீடியோவில் விட்டிருந்தால் இன்றைக்கும் வீடியோவிலேயே திறக்கும். பூட்டிய திரையை இடப்பக்கம் தள்ளினாலே கேமரா வந்துவிடும், அதற்கு மெல்லிய சட்டைப்பைத் துணி வழியே உடம்பு படுவதே போதும். போன மாதம் திருச்சியிலிருந்து பேருந்தில் வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேலூர் தாண்டும்போது தொடங்கி 14 நிமிடம் என் சட்டைப்பைக்குள் இருட்டை வீடியோ எடுத்திருக்கிறது. படம் ஒன்றும் இல்லை. கண்டக்டர் சில்லறை கேட்பதும், "இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்பதும், நடுவில் என் குறட்டையும் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அழிக்கவில்லை. இறங்கும்போது அந்தச் சில்லறையை வாங்க மறந்ததும் அதைக் கேட்டுத்தான் ஞாபகம் வந்தது.